ஹாரன் பொத்தானும் சுருள் நாடாவும்

மோட்டார் வண்டியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் எஞ்சினைப் பற்றியே விரித்து எழுதியிருக்கின்றனர். ஓட்டுபவரின் கைகள் ஓயாமல் பற்றியிருக்கும் ஸ்டீயரிங் சக்கரத்தின் நடுவே, உள்ளங்கை அகலமான ஓரிடத்தில் நிகழ்ந்த மாறுதல்களைப் பொருட்படுத்தியவர் சிலரே. அந்தச் சிறு வட்டத்துக்குள் முதலில் வந்து அமர்ந்தது ஹாரன் பொத்தான். ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் காற்றுப்பையும் வந்து குடியேறிற்று. சுழன்றுகொண்டே இருக்கும் சக்கரத்துக்குள் மின்சாரத்தைக் கொண்டுசேர்ப்பதற்கென ஒரு தனி உறுப்பு வேண்டும். அவ்வுறுப்பு பழுதுபட்டால் அதைச் செப்பனிடுவதா, அகற்றிவிட்டுப் புதியதைப் பூட்டுவதா? இக்கேள்விக்கு நம் நாடு ஒரு காலத்தில் ஒரு விடையும், பிறிதொரு காலத்தில் வேறொரு விடையும் அளித்தது. அவ்விரு விடைகளின் வரலாற்றையே இங்கே கூற முற்படுகிறேன்.

பூனா என்று நம்மவர்கள் பழகிய நாவால் இன்னமும் அழைக்கும் புனே நகரம் இவ்வரலாற்றுக்குப் பொருத்தமான களம். ராஸ்தா பேட்டையில் நெடுங்காலமாகவே தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன. அதை ஒட்டினாற்போல் உள்ள நானா பேட்டை, மோட்டார் உதிரிப் பாகங்களுக்குப் பெயர்போன கடைவீதி. புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் கூடுகின்ற ஜூனா பஜார், பழைய பொருள்களுக்கென்றே ஏற்பட்ட சந்தை. வடமேற்கே பிம்பிரி, சிஞ்ச்வட், சாகன் என்று நீளும் நெடுஞ்சாலைகளின் இருமருங்கிலும் புதிய வண்டிகளையும் புதிய பாகங்களையும் செய்து குவிக்கும் ஆலைகள். பழுது பார்க்கும் கையும் புதிது படைக்கும் ஆலையும் இவ்வளவு அருகருகே அமைந்த ஊர்கள் இந்தியாவில் மிகச் சிலவே.

தொடக்க கால மோட்டார் வண்டிகளில் ஒலி எழுப்பும் கருவி மின்சாரத்தால் இயங்கவில்லை. பித்தளைக் குழலின் நுனியில் ஒரு ரப்பர்க் குமிழ் இருக்கும். அதைக் கையால் பிழிந்தால் காற்று வெளியேறி ஓசை எழும். அமெரிக்கரான மில்லர் ரீஸ் ஹட்சிசன் என்பவர் அமைத்த கிளாக்ஸன் என்னும் மின்சார ஹாரன் 1908-இல் விற்பனைக்கு வந்தது. ஒரு சிறு மோட்டார் பல்சக்கரத்தைச் சுழற்ற, அப்பற்கள் உலோகத் தகட்டில் உரசி அதை அதிரச் செய்யும். தெருவே திடுக்கிடும்படியான ஓர் அலறல் பிறக்கும். பின்னர், மின்காந்தம் ஒன்று தகட்டை விநாடிக்குப் பல நூறு முறை இழுத்து விடும் எளிய முறை பரவிற்று. குமிழைப் பிழிவதற்கு ஒரு கை முழுமையாக வேண்டியிருந்தது. மின்சார ஹாரனுக்கோ ஒரு விரல் போதும். ஆதலின் பொத்தான் சக்கரத்தின் நடுவுக்கே வந்துவிட்டது.

அங்கேதான் சிக்கலும் தொடங்கிற்று. சக்கரம் இடமும் வலமுமாகச் சுழல்கிறது. பாட்டரியோ அசையாமல் ஓரிடத்தில் இருக்கிறது. இரண்டையும் ஒரே கம்பியால் பிணைத்துவிட்டால் நான்கைந்து திருப்பங்களில் கம்பி முறுக்கேறி அறுந்துபோகும். இதற்குப் பொறியாளர்கள் கண்ட வழி மிக எளியது. சக்கரத்தின் அடியில் ஒரு பித்தளை வளையத்தை வைத்தார்கள். அதன்மேல் வில்லால் அழுத்தப்பட்ட ஒரு செப்பு முனையோ கரித்துண்டோ எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். சக்கரம் எப்படித் திரும்பினும் தொடர்பு அறுவதில்லை. வண்டியின் இரும்பு உடலே மின்சாரம் திரும்பிச் செல்லும் பாதையாக அமைந்தபடியால், ஒரே ஒரு கம்பி போதுமானதாயிற்று. பொத்தானை அழுத்தினால் அக்கம்பி ஸ்டீயரிங் தண்டின் வழியாக உடலைத் தொட்டு, மெக்கானிக்குகள் எர்த் என்று சொல்லும் அந்தப் பாதை நிறைவுபெறும், ஹாரன் ஒலிக்கும். இவ்வமைப்பில் மறைவான பகுதி எதுவும் இல்லை. நான்கு திருகுகளைக் கழற்றினால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

ஹாரனை வெறும் ஆடம்பரப் பொருளாக நகரவாசிகள் எண்ணலாம். அதன் உண்மையான பயன் மலைப்பாதையில்தான் விளங்கிற்று. பம்பாய்க்கும் பூனாவுக்கும் இடையே சக்கர வண்டிகள் ஏறத்தக்க போர் காட் சாலை, கவர்னர் சர் ஜான் மால்கம் காலத்தில் 1830-இல் திறக்கப்பட்டது. மாட்டு வண்டிகளையும் குதிரை வண்டிகளையும் கருதி அமைக்கப்பட்ட அந்த வளைவுகளில்தான் பின்னர் மோட்டார் வண்டிகளும் ஓடின. 2002-இல் விரைவுச் சாலை முழுமை பெறும்வரை, பம்பாயிலிருந்து பூனா செல்பவர் கண்டாளா மலையில் ஒவ்வொரு முடுக்கிலும் எதிரே யார் வருகிறார் என்பதைக் காதால்தான் அறிய வேண்டியிருந்தது. ஆடி மாத மழையும் மூடுபனியும் சேர்ந்துவிட்டால் கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. (அந்த மலையில் இருந்த பழைய பாலத்துக்கு, அங்கே வைத்திருந்த விளம்பரத்தினால் அமிர்தாஞ்சன் பாலம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. நம் சென்னையின் தைலப் புட்டி மராட்டிய மலையில் ஒரு பாலத்துக்குப் பெயர் கொடுத்தது! பாலம் 2020 ஏப்ரலில் இடிக்கப்பட்டது. பெயர் மட்டும் மக்கள் வாயில் இருக்கிறது.) அத்தகைய முடுக்கில் ஹாரன் ஊமையாகிவிடுவது சிறு குறையன்று, உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119-ஆவது விதி ஹாரனுக்கென்றே வகுக்கப்பட்டிருப்பதும் இக்காரணத்தாலேயே.

இனி, அந்நாளில் பழுது நேர்ந்தால் என்ன செய்தார்கள் என்பதைக் காண்போம். இதைப் புரிந்துகொள்ள அக்காலத்துப் பொருளாதார நிலையைச் சிறிது அறிதல் வேண்டும்.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928-இல் பம்பாயில் வண்டிகளைப் பூட்டி விற்கத் தொடங்கிற்று. ஃபோர்டு கம்பெனியும் பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய துறைமுக நகரங்களில் அத்தகைய பட்டறைகளை நிறுவிற்று. பாகங்கள் எல்லாம் கப்பலில் வந்தன. வண்டி வாங்கியவர் உதிரிப் பாகத்துக்கும் கப்பலையே நம்பியிருந்தார். நாடு விடுதலை அடைந்தபின் நிலைமை மாறிற்று. இந்நாட்டில் பாகங்களைப் படிப்படியாகச் செய்யும் திட்டம் உடையவர்களே தொழில் நடத்தலாம் என்று 1953-இல் சுங்க வரிக் கமிஷன் பரிந்துரைத்தது. அரசாங்கமும் அதை ஏற்றது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டிக்கொண்டு சென்றன. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸும், பம்பாய்க் குர்லாவில் இருந்த பிரீமியர் நிறுவனமும், சென்னையின் ஸ்டாண்டர்டு நிறுவனமும் எஞ்சின. இதற்குமேல் 1957-ஐ ஒட்டி அந்நியச் செலாவணி நெருக்கடி ஏற்பட்டது. ஒரு பேக்கலைட் பொத்தானுக்குக்கூட இறக்குமதி லைசென்சு வேண்டும் என்ற நிலையில், பிரம்மாண்டமான அமெரிக்க வண்டிகளை வைத்திருந்தவர்கள் தவித்துப் போனார்கள். வண்டியைச் செய்த கம்பெனி இந்நாட்டில் இல்லை. பாகம் வரவும் வழியில்லை. புதியதை மாற்றுவது என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லாமற்போயிற்று.

ஆகவே, பழுதுபார்க்கும் கலை நம் நாட்டில் வளர்ந்ததற்குச் சிக்கன குணமே காரணம் என்று கூறுவோரை நான் முழுதும் ஒப்புவதில்லை. சிக்கனம் ஒரு பங்கு. சட்டம் இரண்டு பங்கு. கதவு அடைபட்டிருந்தமையால் கை பழகிற்று.

எப்படிப் பழகிற்று என்பதுதான் சுவையான பகுதி. ஹாரன் தொடர்பில் நேரும் குறைகள் நான்கைந்து வகையே. கரித்துண்டு தேய்ந்துபோவது ஒன்று. ரேடியோக் கடையிலோ மின்விசிறி பழுதுபார்ப்பவரிடமோ கிடைக்கும் கரித்துண்டை வாங்கி, அரத்தால் அளவுக்குத் தேய்த்து, பழைய வில்லின்மேல் பொருத்துவர். பித்தளை வளையத்தில் பள்ளம் விழுவது மற்றொன்று. கடைசல் பட்டறையில் வளையத்தை மெல்லியதாய் ஒருமுறை சீவி எடுத்தால் மீண்டும் சில ஆண்டுகள் உழைக்கும். வில் தளர்ந்துபோனால் அதே பருமனுள்ள கம்பியைச் சுற்றிப் புது வில் செய்தனர். பொத்தானின் அடியிலுள்ள முனை கரிந்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்து, தேவையானால் ஈயம் பற்றவைத்தனர். இவற்றுள் எதற்கும் ஓரிரு மணி நேரத்துக்கு மேல் தேவைப்படவில்லை.

கடினமானவை வேறு இரண்டு. தண்டினுள் செல்லும் கம்பியின் மேலுறை நைந்து, சக்கரம் ஒரு பக்கமாகத் திரும்பும்போது மட்டும் இரும்பைத் தொடும். உடனே ஹாரன் தானாகவே அலறும். வளைவு தோறும் அலறும் வண்டியை ஓட்டி வருகிறவர் நிலை பரிதாபத்துக்கு உரியது. பார்ப்பவருக்கு வேடிக்கையாகவும் இருக்கும். இது எந்த இடத்தில் தொடுகிறது என்பதைக் கண்டுபிடிக்கப் பொறுமையுள்ள மெக்கானிக் வேண்டும். மற்றது, தண்டின் நடுவே அதிர்ச்சியைத் தாங்குவதற்காக ரப்பர் இணைப்பு வைத்த வண்டிகளில் நேர்வது. ரப்பரின் வழியே மின்சாரம் பாயாது என்பதால், அதைத் தாண்டிச் செல்ல ஒரு சிறு கம்பிப் பட்டையை ஆலையிலேயே வைத்திருப்பார்கள். அது அறுந்துவிட்டால் ஹாரன் ஊமை. பொத்தானையும் வளையத்தையும் ஹாரனையும் மாற்றிப் பார்த்து அலுத்தவர்கள் பலர். குறையோ ஒரு சாண் கம்பியில் இருக்கும். பழுது எங்கே என்று அறியும் அறிவே இத்தொழிலின் உயிர். அரமும் உப்புத்தாளும் பிறகு வருபவை.

இரட்டை ஹாரன் வந்தபின் இன்னொரு தொல்லை சேர்ந்தது. இரண்டும் சேர்ந்து பத்து ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் இழுக்கும். அத்தனையும் சிறு பொத்தானின் முனை வழியே சென்றால் அது கரிந்துபோகாமல் என்ன செய்யும்? ரிலே என்னும் சிறு கருவியை இடையில் வைத்தால், பொத்தான் வழியே மிகச் சிறிய மின்சாரமே செல்லும். பெரும் மின்சாரம் நேரே பாட்டரியிலிருந்து ஹாரனுக்குப் போகும். ரிலே இல்லாமல் வந்த பழைய வண்டிகளுக்கு நம் மெக்கானிக்குகள் ரிலே பூட்டிக் கொடுத்தார்கள். ஆலை விட்ட குறையைப் பட்டறை நிறைத்தது என்றே சொல்ல வேண்டும். பழுதுபார்த்தல் சில வேளைகளில் பழைய நிலையைவிட மேலான நிலைக்கும் கொண்டுபோகும்.

பூனாவில் இக்கலைக்கு ஒரு தனி ஊற்று இருந்தது. கிர்க்கியில் ராணுவத்தின் பெரும் பணிமனை ஒன்று நெடுநாளாக இயங்கி வந்தது. 512 என்ற எண்ணால் அறியப்படும் அடிப்படைப் பணிமனை அதுவே. 1943-இல் தோன்றிய மின் மற்றும் எந்திரப் பொறியாளர் படைப்பிரிவு, பழுதுபார்த்தலை ஒரு சாஸ்திரமாகவே வகுத்திருந்தது. போர்முனைக்கு அருகில் இருப்பவர் பழுதான பாகத்தை அப்படியே கழற்றிவிட்டு நல்ல பாகத்தைப் பூட்ட வேண்டும். அங்கே ஆராய நேரமில்லை. கழற்றிய பாகம் பின்னால் அனுப்பப்படும். அடிப்படைப் பணிமனையில் அதை முற்றிலும் பிரித்து, செப்பனிட்டு, சோதித்து, மீண்டும் பண்டகசாலையில் சேர்ப்பார்கள். முன்னே மாற்றுதல், பின்னே செப்பனிடுதல். நாம் எதிரெதிராக வைத்துப் பேசும் இரண்டு முறைகளும் அங்கே ஒரே சங்கிலியின் இரண்டு கண்ணிகளாக இருந்தன. கவனிக்க வேண்டிய சொல் ‘சோதித்து’ என்பது. சோதனைப் பலகையில் ஏறி இறங்காத பாகம், எவ்வளவு திறமையாகச் செப்பனிடப்பட்டிருப்பினும், வண்டிக்குத் திரும்பாது. தெருவோரப் பட்டறையில் இச்சங்கிலியின் கடைசிக் கண்ணி எப்போதுமே பலவீனமாகத்தான் இருந்தது. ஹாரனைப் பொறுத்தவரை அதனால் கெடுதல் நேரவில்லை. பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்ப்பதே அதற்குப் போதுமான சோதனை.

உள்நாட்டில் பாகங்கள் செய்யும் தொழில் பெருகியபோது மாற்றுவது எளிதாயிற்று. இதில் தமிழ்நாட்டின் பங்கு பெரியது. 1911-இல் தொடங்கிய டி. வி. சுந்தரம் ஐயங்கார் நிறுவனம் மதுரையில் பஸ் நடத்தி வளர்ந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது கரிவாயு அடுப்புகளைச் செய்து பஸ்களை ஓட வைத்தது. அந்நிறுவனம் இங்கிலாந்தின் லூகாஸ் கம்பெனியோடு சேர்ந்து 1961-இல் லூகாஸ்-டி.வி.எஸ். தொழிலைத் தொடங்கியது, சென்னைப் பாடியில் மோட்டார் வண்டிகளுக்கான மின்சாரக் கருவிகள் உருவாகலாயின. கோயம்புத்தூரில் 1970-இல் ரூட்ஸ் நிறுவனம் தோன்றி ஹாரன்களையே தனித் தொழிலாகக் கொண்டு, வெளிநாடுகளுக்கும் அனுப்பும் அளவுக்கு ஓங்கிற்று. நானா பேட்டைக் கடையில் அட்டைப் பெட்டியைத் திறந்து புது ஹாரனை எடுக்கும் தமிழர், அதன் அடியில் கோவையின் பெயரைப் பார்த்து மகிழ்ந்திருக்கலாம். புதிய பாகத்தின் விலை மெக்கானிக்கின் ஒரு பிற்பகல் கூலியை விடக் குறைந்துவிட்ட நாளில், பித்தளை வளையத்தைக் கடைசல் பிடிப்பவர் இயல்பாகவே அருகிப்போனார்.

பூனாவும் அக்காலத்தில் உருமாறிக்கொண்டிருந்தது. 1966-இல் டெல்கோ நிறுவனம் பிம்பிரியில் தன் ஆலைக்கு அடிக்கல் ஊன்றிற்று. அதே ஆண்டில் இந்திய மோட்டார் வாகன ஆராய்ச்சிச் சங்கமும் உருவாயிற்று. பூனாவின் மேற்கே வேதாள் குன்றின்மேல் அமைந்துள்ள அதன் சோதனைக்கூடத்தில் நாட்டின் வண்டிகளும் பாகங்களும் அளந்து பார்க்கப்படுகின்றன. 1998 டிசம்பரில் டாடா இண்டிகா பூனாவிலிருந்து வெளிவந்தது. நானா பேட்டையின் வாடிக்கையாளர் வண்டி, நானா பேட்டைக்கு ஒருமணி நேரத் தொலைவிலேயே பிறக்கலாயிற்று.

இதற்குள் சக்கரத்தின் நடுவே இருந்த வட்டத்துக்கு வேறொரு குடியாளன் வந்துவிட்டான். மோதும்போது ஓட்டுநரின் மார்பைத் தாங்கிக்கொள்ளக் காற்றடைத்த பை ஒன்று வெடித்து விரிய வேண்டும் என்ற எண்ணத்துக்கு, அமெரிக்கரான ஜான் ஹெட்ரிக் 1953-இல் உரிமைப் பட்டயம் பெற்றார். எண்ணம் செயலாக நெடுங்காலம் ஆயிற்று. 1980-ஐ ஒட்டி மெர்சிடிஸ் நிறுவனம் தன் உயர்ந்த வண்டிகளில் அதை விற்கத் தொடங்கிய பிறகே அது நிலைபெற்றது. நம் நாட்டில் 2019 ஜூலை 1 முதல் விற்கப்படும் புதிய கார்களில் ஓட்டுநர் பக்கத்துக் காற்றுப்பை கட்டாயமாயிற்று. 2021 முடிவதற்குள் அருகில் அமர்பவருக்கும் அது விரிவுபடுத்தப்பட்டது.

காற்றுப்பைக்குப் பித்தளை வளையமும் கரித்துண்டும் போதாது. உரசும் தொடர்பில் ஒரு கணம் இடைவெளி நேரலாம். ஹாரன் என்றால் ஓசை சிறிது விக்கும், அவ்வளவே. பை விரிய வேண்டிய நேரமோ விநாடியில் முப்பதில் ஒரு பங்கு. அங்கே இடைவெளிக்கு இடமில்லை. எனவே கடிகார வில்லைப் போலச் சுருட்டப்பட்ட, தட்டையான ஒரு நாடாக் கம்பியை வட்டமான பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்தார்கள். சக்கரம் ஒரு பக்கம் திரும்பினால் நாடா இறுகச் சுருளும். மறுபக்கம் திரும்பினால் தளரும். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஏறத்தாழ மூன்று சுற்றே சக்கரம் செல்லுமாதலால், நாடாவின் நீளம் அதற்குத் தக அளக்கப்பட்டிருக்கிறது. காற்றுப்பை, ஹாரன், ரேடியோவின் சிறு பொத்தான்கள் ஆகிய அனைத்துக்கும் மின்சாரம் இந்த ஒரு நாடா வழியேதான் செல்கிறது. பட்டறைகளில் இதைக் கிளாக் ஸ்பிரிங் என்றும் ஸ்பைரல் கேபிள் என்றும் அழைப்பர்.

பழைய மெக்கானிக் இதைக் கண்டு முதலில் சிரித்திருப்பார். அறுந்த நாடாவை ஒட்ட வைப்பது அவருக்குப் பெரிய காரியமா? ஈயம் பற்றவைக்கும் இரும்பும் சிறிது பசைநாடாவும் போதும். ஒட்டிவிட்டால் ஹாரனும் ஒலிக்கும். இங்கேதான் ஆபத்து இருக்கிறது. பற்றவைத்த இடம் விறைத்துப்போகும்; நாடாவின் மற்றப் பகுதி வளைய, அவ்விடம் மட்டும் வளையாமல் அதன் ஓரத்தில் மடிப்பு விழும். ஆயிரம் திருப்பங்களுக்குப் பின்னர் எந்த நாளில் அறும் என்று எவராலும் கூறவியலாது. ஹாரனை அழுத்திப் பார்த்துச் சோதிக்கலாம்; காற்றுப்பையை அழுத்திப் பார்க்க முடியாது. வாழ்நாளில் ஒரே ஒருமுறை, அதுவும் மோதும் கணத்தில், அது வேலை செய்தாக வேண்டும். கிர்க்கிப் பணிமனையின் சோதனைப் பலகை எதற்கு என்பது இப்போது விளங்கும். சோதிக்க இயலாத பாகத்தைச் செப்பனிடுதல், செப்பனிடுதல் ஆகாது.

உலகப் பெரு நிறுவனங்களும் இந்த நாடாவினால் இடர்ப்பட்டன. 2014 ஏப்ரலில் டொயோட்டா நிறுவனம் பல்வேறு குறைகளுக்காக உலகெங்கும் 60 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அக்குறைகளுள் ஒன்று இந்தச் சுருள் நாடாவைப் பற்றியது. சக்கரம் திரும்பும்போது நாடா சேதமுற்று, ஓட்டுநர் பக்கத்துக் காற்றுப்பைக்கான மின்தொடர்பு அறக்கூடும் என்பது செய்தி. இந்தியாவில் ஏறத்தாழ 45,000 இன்னோவா வண்டிகள் இதற்காக அழைக்கப்பட்டன. நாடா ஒட்டிக் கொடுக்கப்படவில்லை. உறுப்பு முழுவதும் புதிதாக மாற்றப்பட்டது. செய்தவர்களே செப்பனிடத் துணியாத பாகம் அது.

மாற்றுதல் மட்டும் குற்றமற்ற வழி என்று இதனால் முடிவு கட்டிவிடக் கூடாது. அதே 2014-இல் அமெரிக்காவில் வெளிப்பட்ட ஒரு விவகாரம் நல்ல எச்சரிக்கை. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் சில வண்டிகளில், ஸ்டீயரிங் தண்டில் இருந்த சாவி சுவிட்சின் வில் வலுவற்றிருந்தது. ஓடும்போதே சாவி தானாகப் பின்வாங்க, எஞ்சினும் நின்று காற்றுப்பையும் செயலிழந்தது. 2006-இல் அந்தச் சுவிட்சைத் திருத்தினார்கள். ஆனால் பாகத்தின் எண்ணை மாற்றவில்லை. பழையதும் புதியதும் ஒரே எண்ணில் கடைகளில் கலந்தன. ஒரு வழக்கின் பொருட்டு இரண்டையும் பிரித்துப் பார்த்தபோதுதான் வேறுபாடு தெரிய வந்தது. நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதி 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. புதிய பாகம் என்பதனாலேயே அது நல்ல பாகம் ஆகிவிடாது. எந்தப் புதியது என்ற கேள்வியும் உண்டு.

நம் நாட்டுக் கதை இன்னும் நேரடியானது. கார் கம்பெனிகள் அசல் உதிரிப் பாகங்களையும், பழுதறியும் கருவிகளையும், விவரக் குறிப்புகளையும் தங்கள் சொந்த முகவர்களுக்கு மட்டுமே கொடுத்து, வெளிப் பட்டறைகளுக்கு மறுத்து வந்தன என்று ஒரு புகார் எழுந்தது. 2014 ஆகஸ்ட் 25-இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அந்தப் பதினான்கில் பல, பூனா வட்டாரத்தில் ஆலை வைத்திருந்தவை. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குச் சென்றன. வழக்கின் போக்கு ஒருபுறம் இருக்க, ஆணையம் கண்ட உண்மை கவனத்துக்குரியது. 1957-இல் கதவை அடைத்தது அரசாங்கத்தின் லைசென்சு. பின்னாளில் கதவை அடைத்தது கம்பெனியின் விற்பனை முறை. முன்னது கையைப் பழக்கிற்று. பின்னது கையைக் கட்டிற்று. சாகனில் பிறந்த வண்டியின் பாகம் நானா பேட்டைக்கு வந்து சேராதென்றால், அங்குள்ள மெக்கானிக் என்ன செய்வார்? நாடாவை ஒட்டுவார், அல்லது மோதி நொறுங்கிய வண்டியிலிருந்து கழற்றிய நாடாவைப் பூட்டுவார், அல்லது அசல்போல் அச்சிட்ட பெட்டியில் வரும் போலியை வாங்குவார். ஆபத்தான செப்பனிடுதலுக்கு மெக்கானிக்கின் அறியாமையை மட்டும் குறைகூறுவது நியாயமன்று.

மத்திய அரசின் நுகர்வோர் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் அதற்கான இணையத் தளமும் தொடங்கப்பட்டது. விவசாயக் கருவிகள், கைப்பேசி, வீட்டுச் சாதனங்கள் ஆகியவற்றோடு மோட்டார் வண்டிகளும் அதில் சேர்க்கப்பட்டுள்ளன. உரிமை என்ற சொல்லைச் சிலர், எதையும் எவரும் பிரித்து ஒட்டலாம் என்று பொருள்கொள்கின்றனர். எனக்கு அது சரியாகப் படவில்லை. பழுது எங்கே என்று அறிவதற்கான விவரங்களும், மாற்ற வேண்டியதை மட்டும் தனியே வாங்குவதற்கான வழியுமே இதில் இன்றியமையாதவை.

ஏனெனில், பழைய மெக்கானிக்கின் அறிவில் கைவேலைப் பகுதி வேண்டுமானால் பயனற்றுப் போயிருக்கலாம்; பழுதறியும் பகுதி முன்னிலும் மதிப்புடையதாகிவிட்டது. ஹாரன் ஒலிக்கவில்லை என்று வருகிறவரிடம், நாடாவை மாற்ற வேண்டும், பல ஆயிரம் ரூபாய் ஆகும் என்று எடுத்த எடுப்பில் சொல்லும் பட்டறைகள் உண்டு. ஃபியூஸ் போயிருக்கலாம், ரிலே ஒட்டிக்கொண்டிருக்கலாம், முன்புறத்து ஹாரனில் சேறு புகுந்திருக்கலாம். இவை சில நூறு ரூபாயில் தீரும். ஹாரன் மட்டும் ஊமையாகி, மற்றவை ஒழுங்காக இருப்பின் முதலில் இவற்றைத்தான் பார்க்க வேண்டும். ஹாரனும் சக்கரத்திலுள்ள பொத்தான்களும் ஒருசேர நின்று, காற்றுப்பையின் எச்சரிக்கை விளக்கும் எரிந்தால், சுருள் நாடாவின் மேல் ஐயம் கொள்ளலாம். அப்போது அதை மாற்றுவதே முறை. மாற்றும்போதும் முன்சக்கரங்கள் நேராக நிற்க, நாடா சரியான நடுநிலையில் பொருத்தப்பட வேண்டும். நடுநிலை தவறினால் முதல் முழுத் திருப்பத்திலேயே புதிய நாடாவும் அறுந்துவிடும். பாட்டரியைக் கழற்றிச் சில நிமிஷங்கள் பொறுத்திருந்துதான் சக்கரத்தில் கைவைக்க வேண்டும். பையை வெடிக்கச் செய்யும் மருந்து உள்ளே இருக்கிறது என்பதை மறந்தவர்கள் காயமடைய நேரும்.

பழைய வண்டி வாங்க எண்ணும் நேயர்கள் ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்வது நலம். சாவியைத் திருப்பியதும் காற்றுப்பையின் சிவப்பு விளக்கு சில விநாடி எரிந்து, பிறகு அணைய வேண்டும். அணையாமல் நின்றால் பழுது இருக்கிறது என்று பொருள். அது நேர்மையான விளக்கு. தொடக்கத்திலேயே எரியவில்லையென்றால், யாரோ அதன் வாயை அடைத்திருக்கிறார்கள். விளக்கையே கழற்றிவிடுவதும் உண்டு. காற்றுப்பை இருப்பதுபோல் காட்ட ஒரு சிறு மின்தடையைப் பொருத்திக் கருவியை ஏமாற்றுவதும் உண்டு. பின்னதில் விளக்கு ஒழுங்காகவே எரிந்து அணையும். அதைக் கண்ணால் கண்டுபிடிக்க இயலாது. மோதிய வண்டியா, நாடாவும் பையும் மாற்றப்பட்டனவா, எந்த எண்ணுள்ள பாகம், எந்தக் கடையின் ரசீது என்று கேட்டு, கழற்றிய பழைய பாகத்தையும் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். நானா பேட்டையில் நெடுநாள் கடை வைத்திருப்பவர்கள் இக்கேள்விகளுக்கு முகம் சுளிப்பதில்லை.